சமையலறையில் கற்ற ஜப்பான்

(புணேக் கிளையின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் மேடைப் பேச்சாளர் இல்லை. வீட்டில் பத்துப் பன்னிரண்டு குழந்தைகளுக்கு ஜப்பானிய மொழி சொல்லிக் கொடுக்கிறேன், அவ்வளவுதான். நம் ஊரில் ஜப்பானிய மொழி படிக்கும் பிள்ளைகள் ஏராளம் என்பது உங்களுக்கே தெரியும். நம் அங்கத்தினர் வீட்டுக் குழந்தைகளும் வருகிறார்கள். சில மாதங்களுக்கு முன் ஒரு பையனின் அப்பா கேட்டார்: "மாமி, எழுத்து, இலக்கணம் எல்லாம் புஸ்தகத்தில் இருக்கு. அந்த ஜனங்களோட பண்பாட்டைக் குழந்தைக்கு எப்படிப் புரிய வைக்கறது?"

"சனிக்கிழமை வகுப்பை என் சமையலறையில் வச்சுக்கறேன். அனுப்புங்கோ" என்றேன்.

அவர் தயங்கினார். "அவா சாப்பாடெல்லாம்..." என்று இழுத்தார். பின்னாலிருந்து பாட்டி, "ஆண் குழந்தைக்கு எதுக்குடி சமையல்?" என்றார்.

இந்த இரண்டு தயக்கங்களும் எனக்குப் புதியவை அல்ல. முதலாவது, இருபது வருஷங்களுக்கு முன் எனக்கே இருந்தது. அதனால் நான் செய்த ஒரு தவறையும், அதை ஒரு பள்ளிக்கூடம் எனக்கு உணர்த்தியதையும் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

2001 முதல் 2007 வரை நாங்கள் டோக்கியோவில் எதோகாவா வார்டில் நிஷி-கசாய் என்ற இடத்தில் இருந்தோம். கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த இந்தியக் குடும்பங்கள் நிறைய உள்ள பகுதி. நாங்கள் போனபோது அங்கே இந்தியப் பள்ளிகள் வரவில்லை. என் பெண்ணை வார்டுப் பள்ளியிலேயே ஒன்றாம் வகுப்பில் சேர்த்தோம்.

ஜப்பானிய ஆரம்பப் பள்ளியில் மதியச் சாப்பாடு பள்ளியிலேயே. அதற்கு 'கியூஷோகு' என்று பெயர். அது வெறும் சாப்பாட்டு நேரம் அல்ல, பாடத்தில் ஒரு பகுதி. தினமும் சில குழந்தைகளின் முறை வரும். வெள்ளை மேலங்கி, தொப்பி, முகக்கவசம் அணிந்துகொண்டு, பெரிய பாத்திரங்களை வகுப்புக்குத் தூக்கி வந்து, மற்றவர்களுக்குப் பரிமாறுவார்கள். எல்லோருக்கும் வைத்த பிறகுதான் கை கூப்பி 'இதாதகிமாஸ்' என்பார்கள். 'பணிவோடு பெற்றுக்கொள்கிறேன்' என்று பொருள். உணவாகி வந்த உயிருக்கும், விளைவித்தவருக்கும், சமைத்தவருக்கும் சேர்த்துச் சொல்லும் நன்றி அது. முடித்ததும் 'கோச்சிஸோஸாமா' என்பார்கள். அந்தச் சொல்லுக்குள் 'ஓடுதல்' என்ற பொருள் இருக்கிறது. இந்தச் சாப்பாட்டுக்காக எவ்வளவு பேர் எங்கெங்கோ ஓடி அலைந்தார்களோ, அந்த ஓட்டத்துக்கு நன்றி!

நாங்கள் சைவம் என்பதால் என் பெண்ணுக்கு வீட்டிலிருந்து டப்பா கொண்டுவர அனுமதி கொடுத்தார்கள். பரிமாறும் முறையில் மட்டும் விலக்குத் தரவில்லை. மீன் குழம்பு இருக்கும் பாத்திரத்தில் என் குழந்தை கரண்டியை விட்டு எடுத்து ஊற்றுகிறாள் என்று கேள்விப்பட்ட அன்று எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. இவர்தான், "பரிமாறறதுதானே, சாப்பிடலையே. விடு" என்று சமாதானம் சொன்னார். விட்டேன்.

2005 ஏப்ரலில் அவள் ஐந்தாம் வகுப்புக்கு வந்தாள். அங்கே ஐந்து, ஆறாம் வகுப்புகளில் 'கதேய்கா' என்ற மனையியல் பாடம் கட்டாயம். ஆண், பெண் இருபாலருக்கும்தான். பாட்டி கவனிக்க வேண்டும்! பட்டன் தைப்பது, வீட்டைச் சுத்தம் செய்வது, சமையல். எல்லாக் குழந்தையும் கற்றே ஆகவேண்டியவை இரண்டு: சாதம், மிஸோ சூப். கேக்கோ பிஸ்கட்டோ இல்லை. அந்த நாட்டின் அன்றாடச் சாப்பாடு எதுவோ, அதிலிருந்துதான் ஆரம்பம்.

மிஸோ என்பது சோயா பீன்ஸை உப்பும், பூஞ்சை ஏற்றிய அரிசியோ பார்லியோ சேர்த்து மாதக்கணக்கில் புளிக்க வைத்த விழுது. அதில் நமக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் சூப்புக்கு அடிப்படையான 'தாஷி' என்ற சாற்றைப் பெரும்பாலும் மீனிலிருந்துதான் எடுப்பார்கள். பள்ளியில் உலர்ந்த சிறு மீனைத் தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது வழக்கம். சமாசாரம் தெரிந்ததும் நான் கடிதம் எழுதினேன்: 'அன்றைக்கு என் பெண்ணைத் தயவுசெய்து நூலகத்தில் உட்கார வையுங்கள்.'

மறுநாள் ஆசிரியை போன் செய்தார். அங்கே நம்மைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். இன்னாருடைய 'ஒகாஸான்', அதாவது அம்மா என்பார்கள். மிகவும் மரியாதையாகப் பேசினார்.

"அம்மா, அவள் சாப்பிடக் கூடாது என்கிறீர்கள். அது சரி. சமைக்கவும் கூடாது என்கிறீர்களா?"

எனக்குப் பதில் வரவில்லை. அவரே தொடர்ந்தார். "எங்கள் புத்த மடாலயங்களில் மீன் கிடையாது. கொம்புவிலும் காளானிலும் சாறு எடுப்பார்கள். உங்கள் பெண்ணின் குழு அதைச் செய்யட்டும். மற்ற குழந்தைகளுக்கும் அது தெரியாது. அவளால் அவர்களும் தெரிந்துகொள்வார்கள்."

இந்தக் கொம்பு நம் ஊர்க் கொம்பு இல்லை! வடக்கே ஹொக்கைதோ தீவுக் கடலில் விளையும் அகலமான கடற்பாசி. காய்ந்து பலகை மாதிரி இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் போட்டு ஊறவைத்தால் போதும். நாலைந்து மணி நேரத்தில் தண்ணீரில் ஒரு தனிச் சுவை இறங்கிவிடும். டோக்கியோப் பேராசிரியர் கிகுனாயே இகேதா 1908-ல் இந்தக் கொம்புச் சாற்றை ஆராய்ந்துதான் அதிலுள்ள குளுட்டமேட்டைக் கண்டுபிடித்து, அந்தச் சுவைக்கு 'உமாமி' என்று பெயர் வைத்தார்.

மடாலயச் சமையலுக்கு 'ஷோஜின்' என்று பெயர். தோகென் என்ற ஜென் குரு 1237-ல் மடத்துச் சமையற்காரருக்கென்றே ஒரு நூல் எழுதியிருக்கிறார். அதில் தன் அனுபவம் ஒன்றைச் சொல்கிறார். சீன மடாலயம் ஒன்றில் முதுகு வளைந்த கிழத் துறவி கொளுத்தும் வெயிலில் காளான் உலர்த்திக்கொண்டிருந்தாராம். வேறு யாரிடமாவது இந்த வேலையைக் கொடுக்கக் கூடாதா என்று இவர் கேட்க, அடுத்தவர் செய்தால் அது நான் செய்ததாகுமா என்றாராம் கிழவர். மடியும் ஆசாரமுமாகத் தளிகை செய்த நம் பாட்டிமாருக்கு அந்தக் கிழவர் சொன்னது நன்றாகவே புரிந்திருக்கும்.

பெற்றோர் வகுப்பில் வந்து பார்க்கலாம் என்ற நாள் அது. நான் போய்ப் பின் சுவரோரம் நின்றேன். பேசக் கூடாது, கிட்டே போகக் கூடாது.

குழுவுக்கு நாலைந்து குழந்தைகள். சாதம் வைக்கக் கண்ணாடிப் பாத்திரம் கொடுத்திருந்தார்கள். உள்ளே நடப்பதைக் குழந்தைகள் பார்க்க வேண்டும் என்பதற்காகவே சூடு தாங்கும் கண்ணாடி! அரிசியைக் களைந்து, அதன் எடையில் ஒன்றரைப் பங்கு தண்ணீர் விட்டு, அரைமணி ஊறவைத்தார்கள். பிறகு நல்ல தீ. கொதி வந்ததும் நடுத்தரம். தண்ணீர் வற்றியதும் சிறு தீ. சாதத்தின் மேல் சிறுசிறு துவாரங்கள் தெரிந்தன. அவற்றுக்கு 'நண்டு வளை' என்று பெயராம். அடுப்பை அணைத்த பிறகு பத்து நிமிஷம் மூடியைத் திறக்கவே கூடாது. குழந்தை அழுதாலும் மூடியைத் திறக்காதே என்று அவர்களிடம் ஒரு பழைய வசனமே இருக்கிறது. ஒரு பையனுக்குப் பொறுக்கவில்லை. மூடிக்குக் கை போயிற்று. என் பெண் அவன் கையைத் தட்டிவிட்டாள்!

ஒரு குழுவின் சாதம் அடிப்பிடித்து நாற்றம் வந்தது. ஆசிரியை பக்கத்திலேயே நின்றிருந்தும் கை வைக்கவில்லை. எனக்குத்தான் கை பரபரத்தது. கடைசியில், "எப்போது தீயைக் குறைத்தீர்கள்?" என்று மட்டும் கேட்டார். குழந்தைகளே விவாதித்து, எங்கே தவறினோம் என்று கண்டுபிடித்து நோட்டில் எழுதிக்கொண்டார்கள். கருகியதைத் தள்ளிவிட்டு மீதியைச் சாப்பிட்டார்கள்.

மிஸோவைக் கடைசியில்தான் கரைக்க வேண்டும். கரைத்த பிறகு கொதிக்க விட்டால் வாசனை போய்விடும். பிறகு இடப்பக்கம் சாதம், வலப்பக்கம் சூப், எதிரே குறுக்காகக் குச்சிகள் என்று வைத்தார்கள். குச்சியைச் சாதத்தில் செங்குத்தாகக் குத்தி வைக்கக் கூடாது, அது இறந்தவருக்குப் படைக்கும் முறை. ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு எதையும் மாற்றக் கூடாது, அது தகனத்துக்குப் பின் அஸ்தி எடுக்கும் முறை. அபர காரியத்தை நினைவூட்டுபவற்றை நாமும் நல்ல நாளில் தவிர்க்கிறோமே, அதேதான்.

என் பெண்ணின் குழு செய்த கொம்புச் சூப்பை வகுப்பு முழுதும் ஒரு வாய் ருசி பார்த்தது. "இதுதான் மடத்துச் சுவையா?" என்று கேட்டார்கள். நூலகத்தில் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டியவள் அன்று வகுப்புக்கே ஒரு பாடம் சொல்லித் தந்தாள். நான் எழுதிய கடிதத்தை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

அதைவிடப் பெரிய வெட்கம் பிறகு வந்தது.

அந்த வருஷம் குளிர்காலத்தில் எனக்குக் கடும் காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை. இவர் ஒஸாகாவுக்கு வேலையாகப் போயிருந்தார். பெண்ணுக்கு 11 வயது, பிள்ளைக்கு 6. மத்தியானம் கண் விழித்துப் பார்த்தால் சமையலறையிலிருந்து ஆவி வாசனை. சாதம் வைத்து, கொம்புச் சாற்றில் டோஃபு போட்டு மிஸோ சூப் செய்து, தம்பிக்கு முறைப்படி இடம் வலம் பார்த்து வைத்திருக்கிறாள். எனக்கும் ஒரு கிண்ணம் கொண்டு வந்தாள்.

"அம்மா, உனக்கு ரசம்தான் பிடிக்கும். எனக்கு அது தெரியாதே" என்றாள்.

சபையோரே, 11 வருஷம் என் கூடவே இருந்த குழந்தை! மிஸோ சூப் தெரிந்தது, ரசம் தெரியவில்லை. குற்றம் யாருடையது? சமையலறைப் பக்கம் வந்தபோதெல்லாம், "நீ போய்ப் படி, நான் பார்த்துக்கறேன்" என்று அனுப்பியவள் நான். எதை அவளுக்குக் கொடுக்கக் கூடாது என்பதில் அவ்வளவு கவனமாக இருந்தேன். எதைக் கொடுக்க வேண்டும் என்று யோசிக்கவே இல்லை.

உடம்பு தேறியதும் முதல் ஞாயிற்றுக்கிழமை அவளை அடுப்படியில் நிறுத்தினேன். நான் ஸ்டூலில் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டேன். விளாவி, நுரை கட்டி வரும்போது, "இறக்கணும், கொதிக்க விடப்படாது" என்றேன். அவள் திரும்பிப் பார்த்து, "மிஸோ மாதிரியேவா?" என்றாள். ஆமாம், மிஸோ மாதிரியேதான்!

ஜப்பானியர் ஏன் இவ்வளவு சிரமப்பட்டுப் பள்ளியில் இதைச் சொல்லித் தருகிறார்கள்? அவர்களுக்கும் கைநழுவிப் போகிறதே என்ற பயம்தான். 1962-ல் ஒரு ஜப்பானியர் வருஷத்துக்குச் சராசரி 118 கிலோ அரிசி சாப்பிட்டார். இப்போது சுமார் 50 கிலோ. யுத்தத்துக்குப் பின் பள்ளியில் ரொட்டியும் பால் பவுடரும்தான். பள்ளிச் சாப்பாட்டில் சாதம் முறையாக இடம்பெற்றதே 1976-ல். வீட்டில் கற்றது நின்றுபோக ஆரம்பித்ததும் அரசாங்கமே முன்வந்து 2005-ல் 'ஷோகுஇகு', அதாவது உணவுக் கல்வி என்று ஒரு சட்டம் கொண்டுவந்தது. 2013-ல் ஜப்பானிய உணவு மரபு யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. பெருமைதான். ஆனால் பட்டியலில் ஏறியதால் குழந்தைக்குச் சாதம் வைக்கத் தெரிந்துவிடாது என்பது அவர்களுக்கே தெரியும்.

ககாவா மாநிலத்தில் தகினோமியா ஆரம்பப் பள்ளியின் தலைமையாசிரியர் தகெஷிதா கஸுவோ 2001-ல் 'பெந்தோ நாள்' ஒன்றை ஆரம்பித்தார். பெந்தோ என்றால் டிபன் டப்பா. ஐந்து, ஆறாம் வகுப்புக் குழந்தைகள் மாதம் ஒரு நாளாக வருஷத்தில் ஐந்து தடவை, என்ன செய்வது என்று யோசிப்பதிலிருந்து பாத்திரம் கழுவுவது வரை தாங்களே செய்து கொண்டுவர வேண்டும். முதல் நிபந்தனை: பெற்றோர் உதவக் கூடாது. கத்தி, நெருப்பு என்று பெற்றோர் பயந்தார்கள். அவர் பின்வாங்கவில்லை. பிறகு இது நாடு முழுதும் பல பள்ளிகளுக்குப் பரவியது.

ஃபுகுவோகாவில் யசுதாகே சியே என்ற தாய். புற்றுநோய். தனக்கு அதிக நாள் இல்லை என்று தெரிந்து, தன் ஒரே பெண் ஹனாவுக்கு ஓர் ஏப்ரன் பரிசளித்து, மிஸோ சூப் செய்யக் கற்றுக்கொடுத்தார். 2008-ல் அவர் காலமானார். குழந்தை தன் அப்பாவுக்குத் தினமும் காலையில் சூப் செய்தாள். 2012-ல் அது புத்தகமாகவும், 2015-ல் திரைப்படமாகவும் வந்தது. படிப்பு, பாட்டு என்று அந்தத் தாய் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுத்திருக்கலாம். தன் கையால் சமைத்துச் சாப்பிடத் தெரிந்தால் குழந்தை பிழைத்துக்கொள்ளும் என்று நினைத்தார்.

பண்டிகைகளையும் அவர்கள் இப்படியே கைவழியாகத்தான் கற்பிக்கிறார்கள். எங்கள் கீழ்வீட்டுப் பாட்டி வருஷக் கடைசியில் என் பெண்ணைக் கூப்பிட்டு, புத்தாண்டு 'ஒஸெச்சி'க்குக் கறுப்பு சோயா பீன்ஸ் ஊறவைக்கச் சொல்வார். 'மாமே' என்றால் பீன்ஸ், உழைப்பும் ஆரோக்கியமும் என்றும் பொருள். கொம்பு வைப்பது 'யொரோகொபு', அதாவது மகிழ்ச்சி என்ற சொல் அதில் ஒலிப்பதால். தாமரைக் கிழங்கின் துளை வழியே வரும் காலம் தெரியுமாம்! முன்கூட்டியே செய்து அடுக்கிவிடுவதால் முதல் மூன்று நாள் அடுப்புக்கு ஓய்வு. ஜனவரி 7 அன்று ஏழு கீரை போட்ட கஞ்சி, விருந்து உண்ட வயிற்றுக்கு ஓய்வு. பீன்ஸைக் கிளறிக்கொண்டே கேட்ட விளக்கம் என் பெண்ணுக்கு இன்றும் மறக்கவில்லை.

இப்போது என் சனிக்கிழமை வகுப்புக்கு வருகிறேன். முதல் பாடம் ஒனிகிரி, உப்புத் தண்ணீர் தொட்டுப் பிடிக்கும் சாத உருண்டை. நம் மாவல் பக்கத்து இந்திராயணி அரிசி கொஞ்சம் ஒட்டும் தன்மை உள்ளது, அதற்குப் பொருத்தம். பிடிக்கும்போதே கதை சொல்வேன். 1889-ல் யமகாதாவில் த்ஸுருஓகா என்ற ஊரில், கோயிலை ஒட்டிய பள்ளியில் ஏழைக் குழந்தைகளுக்குத் துறவிகள் கொடுத்த சாப்பாட்டில் இந்த உருண்டைதான் இருந்தது. ஜப்பானின் பள்ளிச் சாப்பாடு அங்கேதான் பிறந்தது. இரண்டாம் பாடம் கொம்புச் சாறு. மூன்றாவது மிஸோ சூப். பெற்றோர் ஹாலில்தான் உட்கார வேண்டும்!

பிள்ளைகளை ஜப்பானில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. கடையில் மிஸோ வாங்கும்போது 'தாஷி சேர்த்தது' என்று இருந்தால் பெரும்பாலும் மீன் சாறு கலந்திருக்கும். சேர்க்காததைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். இது ஒன்று தெரிந்தால் பயந்து ஒதுங்க வேண்டாம். கொம்பும் ஷீதாகே காளானும் இருந்தால் மடத்துச் சமையல் முழுதும் நமக்குத் திறந்திருக்கிறது.

அந்தத் தயங்கிய அப்பாவின் பையன் இரண்டாம் வாரம் சாதத்தை அடிப்பிடிக்க விட்டான். நான் கை வைக்கவில்லை. மூன்றாம் வாரம் நன்றாக வந்தது. வீட்டில் போய்ப் பாட்டிக்கு ஒரு நாள் சாதம் வைத்துக் கொடுத்தானாம். பாட்டி போன் செய்தார்: "உங்க ஜப்பான்காரா மூடியைத் திறக்கப்படாதுன்னாளாமே. நானும் அதைத்தானே நாற்பது வருஷமா சொல்லிண்டிருக்கேன்!"

மே 5, ஜப்பானில் குழந்தைகள் தினம். அன்று 'கஷிவா' என்ற ஓக் மர இலையில் மடித்த இனிப்புக் கொழுக்கட்டை சாப்பிடுவார்கள். அந்த மரத்தில் புதுத் துளிர் வரும்வரை பழைய இலை உதிராதாம். வம்சம் அறாமல் தொடரட்டும் என்பதற்கு அடையாளம். இலையை மடிக்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே கீழ்வீட்டுப் பாட்டி இதை என் பெண்ணிடம் சொன்னார். நான் மாடிப்படியில் நின்று கேட்டேன்.

என் பெண் இப்போது பெங்களூரில் இருக்கிறாள். அவள் பிள்ளைக்கு 4 வயது. அவர்கள் வீட்டில் அரிசி களைவது அவன் வேலை. தரையெல்லாம் அரிசி இறைகிறது என்று போனில் சொன்னாள். "இறையட்டும், நீ கை வைக்காதே" என்றேன்.